15 மாணவர், ஒரு கூடுதல் நிபந்தனை: மலேசியப் பூர்வக்குடி மொழிகளும் பள்ளிக் கல்வியும்

மலேசியாவில் பள்ளிமொழி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் பேச்சு தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி என்ற இரண்டைச் சுற்றியே நின்றுவிடுகிறது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று அறிவிக்கக் கோரித் தொடுக்கப்பட்ட வழக்கில், 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்பள்ளிகள் செல்லுபடியாகும் என்றே தீர்ப்பளித்தன. அந்தத் தீர்ப்புகளை நிம்மதியோடு வரவேற்ற தமிழ் வாசகர்களிடையே ஒரு குழப்பம் தொடர்ந்து காணப்படுகிறது. பூர்வக்குடி மக்களின் மொழிகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டா? செமாய் மொழி சில பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது என்கிறார்களே, அது தாய்மொழிக் கல்வி ஆகிவிடுமா? பூர்வக்குடி அறிவைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கோருபவர்கள் எதைக் கோருகிறார்கள்?

இம்மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும் மூன்றுக்கும் விடை வேறு வேறு. அவற்றை அடிப்படையிலிருந்து பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாருடைய மொழிகள்?

தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடி மக்கள் ஓராங் அஸ்லி எனப்படுகிறார்கள். நிர்வாக வசதிக்காக அரசு அவர்களை நெக்ரிட்டோ, செனோய், மலாய் புரோட்டோ என்று மூன்று பெரும் பிரிவுகளாகவும், பிரிவுக்கு ஆறு வீதம் 18 உட்குழுக்களாகவும் வகுத்துள்ளது. மொத்த மக்கள்தொகை சுமார் 2 லட்சம். சபாவிலும் சரவாக்கிலும் உள்ள கடசான்டூசுன், இபான், பிடாயூ, பெனான் முதலிய மக்கள் இக்கணக்கில் சேராதவர்கள். அவர்கள் எண்ணிக்கையில் பன்மடங்கு பெரியவர்கள், அரசியலமைப்பில் தனியாகப் பெயர் பெற்றவர்கள், மாநில அரசியலில் குரல் உள்ளவர்கள். பள்ளிமொழி விஷயத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பது பின்னால் தெளிவாகும்.

செமாய், தெமியார், ஜஹாய், பாத்தேக், கென்சியு முதலிய மொழிகளை மொழியியலாளர்கள் அஸ்லியன் மொழிகள் என்கிறார்கள். இவை ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மியன்மாரின் மோன், கம்போடியாவின் கெமர், இந்தியாவின் சந்தாலி, முண்டாரி ஆகியவை இவற்றின் உறவினர்கள். மலாய் மொழியோ ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே முதலாம் ஆண்டில் தேசியப் பள்ளிக்குள் நுழையும் ஒரு தெமியார் பிள்ளைக்கும் அங்கே ஒலிக்கும் மலாய்க்கும் இடையிலான தொலைவு, தமிழுக்கும் இந்திக்கும் உள்ள தொலைவைப் போன்றது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்ததால் கடன்சொற்கள் கலந்திருக்கும். இலக்கண உறவு இருக்காது.

எல்லாக் குழுக்களுக்கும் இது பொருந்தாது. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் பெரும்பான்மையாக வாழும் தெமுவான் மக்களின் பேச்சு மலாய்க்கு மிக நெருக்கமானது. அவர்களுடைய சிக்கல் வேறு வகையானது. அவர்கள் பேசுவது ஒரு மொழியாகவே மதிக்கப்படாமல், திருத்தப்பட வேண்டிய கொச்சை மலாய் என்ற பார்வைக்கு ஆளாகிறது. மொழித் தொலைவால் வரும் தடையை அளவிடலாம். இந்த இழிபார்வையால் வரும் தடையை எந்தத் தேர்வும் காட்டாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளிமொழியை மூன்று சட்ட ஏற்பாடுகள் முடிவு செய்கின்றன.

1. கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழியாக நிறுவுகிறது. அதே பிரிவின் துணைவாசகம் இரண்டு உறுதிகளைத் தருகிறது: அதிகாரபூர்வ நோக்கங்களுக்கு அல்லாமல் வேறெந்த மொழியையும் பயன்படுத்துவதையோ, கற்பிப்பதையோ, கற்பதையோ யாரும் தடுக்கக்கூடாது, நாட்டிலுள்ள பிற சமூகங்களின் மொழிகளைப் பேணி வளர்க்கக் கூட்டரசு, மாநில அரசுகளுக்கு உள்ள உரிமைக்கும் பாதிப்பு இல்லை. இவற்றுள் முதலாவது குடிமக்களுக்கான தடையற்ற வெளி, இரண்டாவது அரசுக்கான அனுமதி. எந்த மொழிக்கும் பள்ளி கட்டித்தர வேண்டும் என்ற கட்டாயம் இவ்விரண்டிலும் இல்லை.

2. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தேசிய வகைப் பள்ளிகளும் அமைச்சர் விலக்களிக்கும் நிறுவனங்களும் நீங்கலாக, நாட்டின் கல்வி அமைப்புக்குட்பட்ட நிறுவனங்களில் தேசிய மொழியே முதன்மைப் பயிற்றுமொழி என்கிறது. தேசிய வகைப் பள்ளி என்பது சீனம் அல்லது தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஆரம்பப்பள்ளி என்று சட்டமே வரையறுத்துவிட்டது. ஆகவே செமாய் வழித் தேசிய வகைப் பள்ளி என்ற ஒன்றை இப்போதைய சட்டத்துக்குள் உருவாக்க இடமே இல்லை. முதற்கேள்விக்கான விடை இதுதான்.

3. அச்சட்டத்தின் 2ஆவது பிரிவு தேசியப் பள்ளியை வரையறுக்கும்போது, அங்கே பிற மொழிகளைப் பாடமாகக் கற்பிப்பதற்கான வசதியையும் குறிப்பிடுகிறது. குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கோரினால் சீனம் அல்லது தமிழ் கற்பிக்கும் வசதி செய்துதரப்பட வேண்டும். பூர்வக்குடி மொழிகளுக்கும் அதே 15 மாணவர் எண்ணிக்கை உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கூடுதல் நிபந்தனை நிற்கிறது. அவ்வாறு செய்வது நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருந்தால் மட்டுமே அந்த வசதி கிடைக்கும்.

தேசியப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, மாணவர் சொந்தமொழி வகுப்புக்காகப் பெயர் திரட்டிய கிள்ளான் பள்ளத்தாக்குப் பெற்றோர் பலருக்கு இந்த 15 என்ற எண் நன்கு பழக்கமானது. எண்ணிக்கை சேர்ந்த பிறகும் ஆசிரியர் வராமல் காத்திருந்த அனுபவமும் அவர்களில் பலருக்கு உண்டு. அந்தக் காத்திருப்பின்போது அவர்கள் கையில் சட்டத்தின் கட்டாயம் இருந்தது. பூர்வக்குடிப் பெற்றோரின் கையில் அது இல்லை. எது நியாயம், எது நடைமுறைக்கு இயன்றது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அரசு நிர்வாகம் இருக்கிறது. மறுப்பதற்கான காரணத்தைச் சட்டமே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறது.

நாட்டின் முதல் குடிகளுடைய மொழிகளுக்கு, பின்னர் வந்து குடியேறிய நம்முடைய மொழிக்கு இருப்பதைவிடக் குறைந்த உறுதியை வழங்கும் இந்த வாசகம் நியாயமற்றது என்றே கருதுகிறேன். தமிழுக்குக் கிடைத்திருப்பது மிகுதி என்பது இதன் பொருள் ஆகாது. அந்த அளவுக்காவது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே கருத்து.

அந்த நிபந்தனை நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது?

இது தானே தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும் ஒரு சுழற்சி. படிப்படியாகப் பார்த்தால்தான் இதன் கடுமை புரியும்.

1. ஓராங் அஸ்லி கிராமங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவானவை. ஒரு பள்ளிக்கு இரண்டு மூன்று உட்குழுக்களின் பிள்ளைகள் வருவது இயல்பு. பள்ளி முழுவதும் பூர்வக்குடிப் பிள்ளைகளே படித்தாலும், ஒரே மொழியினர் 15 பேர் சேராமல் போகலாம்.

2. எண்ணிக்கை சேர்ந்தாலும் கோரிக்கையைப் பெற்றோர் முன்வைக்க வேண்டும். தாங்களே பள்ளிப்படிப்பை முடிக்காத பெற்றோரிடம், சட்டத்தில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு என்று எடுத்துச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

3. கோரிக்கை எழுந்தால், அந்த மொழியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். பயிற்சிக்குள் நுழைய, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தகுதி வேண்டும். பூர்வக்குடி மாணவர்களில் கணிசமானோர் ஆறாம் ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளியின் படிவம் 1க்குப் போகும் கட்டத்திலும் அதற்குப் பின்னரும் பள்ளியைவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

4. ஆசிரியர் இல்லாததால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாததால் பாடநூலுக்கான தேவை எழுவதில்லை. பாடநூல் இல்லாத மொழி உயர்நிலைத் தேர்வுப் பாடமாக வளர வழியில்லை. தேர்வில் இல்லாத பாடத்துக்கு நேர அட்டவணையில் இடம் ஒதுக்கத் தலைமையாசிரியர்கள் முன்வருவதில்லை.

5. இந்நிலையில் யாராவது கோரிக்கை வைத்தால், நடைமுறைக்கு இயலாது என்ற பதில் உண்மையாகவே பொருந்திவிடுகிறது.

தமிழ் இந்தச் சுழற்சிக்குள் சிக்காததற்குக் காரணம், அதன் நிறுவனச் சங்கிலி அறுபடாமல் தொடர்ந்ததுதான். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலோடு இணைந்து தொடங்கிய தமிழ் வகுப்பை நாட்டின் முதல் தமிழ்க்கல்வி முயற்சியாகக் கொண்டாடுகிறோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகளின் தரம் வேதனைக்குரியதாக இருந்தாலும், அவற்றிலிருந்து ஆசிரியர்கள் உருவானார்கள். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. ஆரம்பப்பள்ளி, எஸ்.பி.எம்., ஆசிரியர் பயிற்சிக் கழகம், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஆளை அனுப்பிக்கொண்டிருந்தது. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவுக்குச் சுருங்கிய பின்னரும் மொழிக்கல்வி நிற்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

சபா, சரவாக் மொழிகள் இந்தச் சங்கிலியின் பாதியைக் கட்டியிருக்கின்றன. கடசான்டூசுன் மொழி 1990களின் பிற்பகுதியில் பள்ளிப் பாடமானது. இன்று கடசான்டூசுனும் இபானும் எஸ்.பி.எம். தேர்வுப் பாடங்கள். செமாய் ஏறத்தாழ அதே காலத்தில் பேராக், பகாங் பகுதிகளின் சில ஆரம்பப்பள்ளிகளில் நுழைந்தும், அந்த உயரத்தை எட்டவில்லை. ஓராங் அஸ்லி மொழிகளில் பள்ளிப் பாடத்துக்கான அரசுக் கலைத்திட்டம் பெற்றது செமாய் ஒன்றே. தெமியாரும் ஜஹாயும் வகுப்பறைக்கு வெளியேதான் நிற்கின்றன. வானொலிக்கு இருக்கும் இடம்கூடப் பள்ளியில் இல்லை: அரசு வானொலியின் அஸ்யிக் எஃப்.எம். செமாய், தெமியார் உள்ளிட்ட மொழிகளில் ஒலிபரப்புகிறது.

பாடமாக ஒரு மொழி, பயிற்றுமொழியாக ஒரு மொழி

இரண்டாவது கேள்விக்கு வருவோம். செமாய் கற்பிக்கப்படும் பள்ளியில் அது ஒரு பாடம். கணிதமும் அறிவியலும் வரலாறும் மலாயில்தான் நடக்கின்றன. வாரத்தில் சில பாடவேளைகள் செமாயில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, மற்ற நேரமெல்லாம் புரியாத மொழியில் புதிய கருத்துகளை எதிர்கொள்கிறது. இதைத் தாய்மொழிப் பாடம் என்று சொல்லலாம். தாய்மொழிக் கல்வி என்பது வேறு. தமிழ்ப்பள்ளியில் பின்னத்தையும் ஒளிச்சேர்க்கையையும் தமிழிலேயே கற்ற எவருக்கும் இந்த வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறது. ஒரு மொழியைக் கற்பதற்கு 152ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு, அந்த மொழி வழியாகக் கற்பதற்கும் நீள்கிறதா என்பது நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுந்த சிக்கல். சீன மொழிவழிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவும் முயற்சி தொடர்பான மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில், அங்கே சீனத்தைப் பயிற்றுமொழியாக்குவது அதிகாரபூர்வ நோக்கத்துக்கான பயன்பாடாகிவிடும் என்று 1982இல் கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்தது. தாய்மொழிப் பள்ளிகள் பற்றிய அண்மை வழக்கு முழுவதும் சுழன்றதும் இந்த அச்சில்தான்.

கல்வியியல் பக்கம் கருத்து நெடுங்காலமாகத் தெளிவாகவே உள்ளது. பிள்ளை தன் முதல் எழுத்தறிவைத் தாய்மொழியில் பெறுவதே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953ஆம் ஆண்டு அறிக்கையிலேயே வலியுறுத்தியது. கனடியக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த விளக்கம் இதன் காரணத்தைப் புரியவைக்கிறது. அன்றாடப் பேச்சுக்குத் தேவையான மொழித்திறன் வேறு, பாடநூல் கருத்துகளைக் கையாளத் தேவையான மொழித்திறன் வேறு. முன்னது ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். பின்னதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். தாய்மொழியில் ஊன்றிய கருத்துகள் இரண்டாம் மொழிக்கும் இடம்பெயரும்.

இதன் நடைமுறை விளைவு கவனத்துக்குரியது. விளையாட்டுத் திடலில் சரளமாக மலாய் பேசும் ஒரு செமாய்ப் பிள்ளையை ஆசிரியர் பார்க்கிறார். மொழிச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கருதுகிறார். அதே பிள்ளை அறிவியல் கேள்வியின் முன் மௌனமாக நிற்கும்போது, அந்த மௌனத்துக்குச் சோம்பல் என்றோ மந்தம் என்றோ பெயர் வைக்கப்படுகிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் பயிற்றுமொழி மாற்றத்தைச் சந்திக்கிறார்கள். தேவைப்படுவோருக்குப் புகுமுக வகுப்பு என்ற இடைப்படி உண்டு. ஆறு ஆண்டுகள் தாய்மொழியில் கற்ற பிறகு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அவர்கள் அந்த மாற்றத்தைச் சந்திக்கிறார்கள். தெமியார்ப் பிள்ளைக்கு அது ஏழு வயதில், எந்த இடைப்படியும் இல்லாமல் நேர்கிறது.

எந்த வழக்கு, எந்த எழுத்து?

பூர்வக்குடி மொழிகளைப் பாடமாக்குவதில் உள்ளார்ந்த சிக்கல்களும் உண்டு. எழுதும் மரபு இல்லாத மொழிக்குப் பாடநூல் தயாரிக்கும்போது ஏதாவது ஒரு வட்டார வழக்கைத் தரமாகக் கொள்ள வேண்டியிருக்கும். சபாவில் இந்தக் கேள்வியில் கடசான் தரப்புக்கும் டூசுன் தரப்புக்கும் நெடுநாள் இழுபறி இருந்து, 1995இல் பூண்டு லிவான் வழக்கை அடிப்படையாகக் கொள்ள உடன்பாடு ஏற்பட்டது. அது பாடநூலுக்கு வழிதிறந்தது. கடற்கரைப் பகுதிக் கடசான் பேசும் குடும்பங்களில், பள்ளியில் கற்பது தங்கள் வீட்டுமொழி இல்லை என்ற மனக்குறையும் அதனால் நிலைத்தது. செமாய் மொழியும் பேராக் வழக்கு, பகாங் வழக்கு என்றும், ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஒன்றாகவும் மாறுகிறது. மலாய் எழுத்துமுறை தாங்க முடியாத அளவுக்கு அதில் உயிரொலி வேறுபாடுகளும் மூக்கொலி உயிர்களும் உள்ளன.

இவை தீர்க்கக்கூடிய சிக்கல்கள். மக்களோடு அமர்ந்து முடிவெடுத்தால் தீரும்; தலைநகரில் முடிவெடுத்து அனுப்பினால் தீராது.

பூர்வக்குடி அறிவு என்றால் என்ன?

மூன்றாவது கேள்வியே மிகுந்த தவறான புரிதலுக்கு ஆளாகிறது. பூர்வக்குடி அறிவைக் கல்வியில் சேர்ப்பது என்றவுடன் பண்பாட்டு நாளில் பாரம்பரிய உடை, நடனம், கைவினைக் கண்காட்சி என்ற அளவில் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கேரித் தீவின் மா மெரி மக்களுடைய மரச்சிற்பங்களும் தாழை முடைதலும் உலகறிந்தவை; அவை போற்றப்பட வேண்டியவை. ஆயினும் இங்கே அறிவு என்று சொல்லப்படுவது அதைவிட அகன்றது. ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் பல தலைமுறைகள் வாழ்ந்து, கவனித்து, பிழை நீக்கிச் சேகரித்த விவரங்களும் அவற்றைச் சரிபார்க்கும் முறைகளும் அவற்றைப் பயன்படுத்துவதற்கான ஒழுங்குகளும் சேர்ந்ததே அது.

பினாங்கு வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்குக் கரையைத் தாக்கியபோது இம்மாநிலத்தில் மட்டும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில், ஆச்சேயை ஒட்டியிருக்கும் சிமெலுவே தீவிலோ, சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். 1907இல் அத்தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. அதன் நினைவை மக்கள் ஸ்மோங் என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் தங்கள் மொழியில் பாடி வந்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து, பின் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓடு. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டு தீவையே காப்பாற்றியது. பேரலைகளுக்கு இடையே பல தலைமுறைகள் கடந்துவிடும் இடங்களில், ஒருவரின் சொந்த அனுபவம் போதாது. மொழி தாங்கும் நினைவு வேண்டும். பினாங்கின் கரையோர மக்களிடம் அப்படியொரு நினைவு இருக்கவில்லை.

சரவாக்கின் பெனான் மக்களிடம் மோலோங் என்ற வழக்கம் உண்டு. காட்டுச் சவ்வரிசிப் பனைக்கூட்டம் ஒன்றை ஒரு குடும்பம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, முற்றிய தண்டுகளை மட்டும் வெட்டி, இளந்தண்டுகளை வளரவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அங்கே வரும். தாவரத்தின் வளர்ச்சி வேகம், வெட்டக்கூடிய அளவு, திரும்பி வரவேண்டிய கால இடைவெளி, யாருக்கு எதில் உரிமை என்பன எல்லாம் அந்த ஒரு வழக்கத்துக்குள் அடங்கியிருக்கின்றன. இதை வைத்து நான்காம் ஆண்டு அறிவியலும் கணிதமும் குடிமையியலும் கற்பிக்க முடியும். பாடநூலில் எங்கோ ஓர் ஊரின் மீன்வளர்ப்புக் குளத்தைக் காட்டி நிலைபேறான வளப்பயன்பாடு பற்றிப் பேசும்போது, பெனான் பிள்ளை தன் தாத்தா செய்வதற்கும் இதற்கும் உள்ள தொடர்பைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

மொழியும் அறிவும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு வட தீபகற்பத்தின் ஜஹாய் மக்களைப் பற்றிய ஆய்வு சான்றாகும். அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹுல்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆங்கிலம் பேசுவோர் வாசனைகளுக்குப் பெயர் சொல்லத் திணறும்போது, ஜஹாய் பேசுவோர் நிறங்களைப் போலவே வாசனைகளையும் எளிதாகவும் ஒருமித்தும் பெயரிட்டார்கள். மனித இனத்துக்கே வாசனையை வகைப்படுத்தும் திறன் குறைவு என்று அதுவரை நிலவிய எண்ணம் அதனால் ஆட்டம் கண்டது. அந்தத் திறன் காட்டில் உணவையும் ஆபத்தையும் இனங்காண உதவுகிறது. ஜஹாய்ப் பிள்ளை தன் மொழியை இழந்தால், இந்தப் புலனறிவின் ஒழுங்கும் அதனோடு போய்விடும்.

தலைநகரத் தமிழர்களுக்கு இதில் ஓர் அருகாமை உண்டு. ஆண்டுதோறும் தைப்பூசத்தில் லட்சக்கணக்கில் கூடும் பத்துமலையின் சுண்ணாம்புக் குகைகள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கோயில் எழுவதற்கு முன்பே, தெமுவான் மக்களுக்குத் தங்குமிடமாகப் பயன்பட்டவை. நம் பிள்ளைகள் பத்துமலை வரலாற்றைப் படிக்கும்போது இந்த ஒரு வரியும் சேர்ந்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

நில உரிமை வழக்குகளிலும் இந்த அறிவு உண்மையான எடை பெற்றிருக்கிறது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக டெங்கில் அருகே தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டபோது, அவர்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்மக்களின் மரபுவழி நில உரிமையை ஏற்றுக்கொண்டன. தங்கள் முன்னோர் எங்கே வாழ்ந்தார்கள், எந்த வழக்காறுகளைக் கடைப்பிடித்தார்கள் என்பதை அவர்களால் எடுத்துரைக்க முடிந்தது. அதை எடுத்துரைக்கத் தெரியாத தலைமுறை உருவானால், உரிமை சட்டத்தில் இருந்தும் நிலத்தில் இருக்காது.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் அபாயமும் உண்டு. மூலிகை அறிவைப் பாடநூலில் அச்சிட்டால், அது யாருடைய சொத்து? உயிரியல் வளங்களை அணுகுதல், பயன்பகிர்வு பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. பூர்வக்குடி, உள்ளூர்ச் சமூகங்களின் மரபறிவைப் பயன்படுத்துவோர் அச்சமூகங்களின் முன்னிசைவைப் பெற வேண்டும் என்ற கொள்கை அதில் உள்ளது. கல்வியிலும் அதே கொள்கை வேண்டும். எதைப் பொதுவில் கற்பிக்கலாம், எது குறிப்பிட்ட குடும்பத்துக்கோ சடங்குக்கோ உரியது என்பதை அந்த மக்களே முடிவு செய்ய வேண்டும். 2007இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பூர்வக்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தின் 14ஆவது பிரிவு, தங்கள் மொழியில், தங்கள் பண்பாட்டுக் கற்பித்தல் முறைக்கு ஏற்பக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைக் கூறுகிறது. மலேசியா அப்பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடு.

விடுதி என்னும் இடைவெளி

உட்புறக் கிராமங்களிலிருந்து பள்ளி தொலைவில் இருப்பதால் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பூர்வக்குடி அறிவு வகுப்பறையில் உரையாகக் கேட்டுக் கற்பதன்று. பெரியவர்களோடு நடந்து, கூடவே செய்து, பார்த்துப் பழகுவது. ஏழு வயது முதல் ஆண்டின் பெரும்பகுதி விடுதியில் கழியும்போது அந்தக் கற்றல் நடக்க வேண்டிய வயதே பறிபோகிறது. ஆகவே பாடத்திட்டத்தில் மரபறிவைச் சேர்த்துக்கொண்டே விடுதிமுறையை மாற்றாமல் விடுவது பயன் தராது.

2015 ஆகஸ்டில் குவா மூசாங் பகுதியின் தெமியார்ப் பிள்ளைகள் ஏழு பேர், தண்டனைக்கு அஞ்சிப் பள்ளி விடுதியைவிட்டுக் காட்டுக்குள் சென்றார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஆறு வாரங்களுக்கும் மேலான பிறகு இருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தி தமிழ் நாளேடுகளிலும் வந்தது, சில நாள்களில் மறைந்தும்விட்டது. விடுதியில் அப்பிள்ளைகளின் மொழியைப் பேசும் பெரியவர்கள் இருப்பது ஒரு சலுகை என்று இனி யாரும் சொல்லக்கூடாது. அது பாதுகாப்புக்கான முதல் தேவை.

அண்டை நாடுகள் கண்டது

பிலிப்பீன்ஸ் 2012இல் பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்கியது. 19 மொழிகள் வரை அத்திட்டத்தில் இடம்பெற்றன. 2024இல் ஒரு புதிய சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. பாடநூல், அகராதி, இலக்கண நூல், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகியவை போதாமையும், ஒரே வகுப்பில் பல மொழிப் பிள்ளைகள் இருந்ததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். தாய்மொழிக் கல்வி தோற்றுவிட்டது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. ஆயத்தமில்லாமல் ஆணையிட்டதன் விளைவு என்பதே பொருத்தமான வாசிப்பு.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் எதிர்த்திசையில் சென்றார்கள். அரசின் ஆணைக்குக் காத்திராமல், 1982இல் தாத்தா பாட்டிகளைக் கொண்டு கோஹாங்கா ரேயோ எனப்படும் மொழிக்கூடுகளைத் தொடங்கினார்கள். பாலர் பருவப் பிள்ளைகள் அங்கே முழுநேரமும் மாவோரி மட்டுமே கேட்டு வளர்ந்தார்கள். 1987இல் மாவோரி ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 1989ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மாவோரி வழிப் பள்ளிகளை அங்கீகரித்தது. மக்களிடம் தொடங்கிச் சட்டத்தில் முடிந்த அந்த வரிசைதான் அம்முயற்சியை நிலைக்கச் செய்தது.

இங்கே எதை மாற்ற வேண்டும்?

மலேசியக் கல்வி அமைச்சு முற்றாகக் கைகட்டி நிற்கவில்லை. பூர்வக்குடி, பெனான் பிள்ளைகளுக்கென்றே ஒரு கலைத்திட்டத்தை அது வகுத்திருக்கிறது. முதலாம் ஆண்டு முதல் படிவம் 3 வரை ஒரே வளாகத்தில் நடத்தும் பள்ளி மாதிரியும் உண்டு. பிள்ளைகள் படிவம் 1இல் இடம் மாறிப் பள்ளியை விட்டுவிடுவதைத் தடுக்கப் பின்னது உதவுகிறது. ஆனால் இவ்விரண்டிலும் பயிற்றுமொழி மலாயே.

வரிசைப்படி செய்ய வேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவை நான்கு. முதலாவதாக, கல்விச் சட்டத்தின் 2ஆவது பிரிவிலிருந்து அந்தக் கூடுதல் நிபந்தனையை நீக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. தமிழ்ப்பள்ளிகளுக்காகக் குரல் கொடுக்கும் நம் அமைப்புகள் இக்கோரிக்கையையும் தங்கள் மனுக்களில் சேர்த்தால், 152ஆவது பிரிவை நாம் நமக்காக மட்டும் வாசிக்கவில்லை என்பது நாட்டுக்குத் தெரியும். இரண்டாவதாக, 15 என்ற எண்ணிக்கையைப் பள்ளிக்கு அல்லாமல் வட்டாரத்துக்குக் கணக்கிட்டு, ஓர் ஆசிரியர் பல பள்ளிகளுக்குச் சென்று கற்பிக்க வழிசெய்யலாம். மூன்றாவதாக, செமாயையும் தெமியாரையும் எஸ்.பி.எம். வரை வளர்த்து, அவற்றில் தேர்ச்சி பெற்றோரை ஆசிரியர் பயிற்சிக் கழகங்களுக்குள் கொண்டுவர, பத்தாண்டுக் காலத் திட்டமாவது வேண்டும்.

நான்காவது, மிகச் சிறிய மொழிகளுக்கானது. பினாங்கிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், கெடாவின் பாலிங் வட்டாரத்தில் வாழும் கென்சியு மக்கள் சில நூறு பேரே. வட தீபகற்பத்தில் சுமார் 280 பேர் பேசும் ஜெடேக் என்ற மொழி, ஆய்வுலகின் கண்ணில் பட்டதே 2018இல்தான். இந்த அளவிலான மொழிகளுக்குத் தேர்வும் பாடநூலும் வந்துசேரும்வரை காத்திருக்க நேரமில்லை. இப்போது அம்மொழிகளை முழுமையாகப் பேசும் முதியவர்களை, கல்விச் சான்றிதழ் கேட்காமல், ஊதியத்தோடு கிராமப் பாலர் வகுப்புகளில் பணியமர்த்துவதே அங்கே முதல் வேலை. அதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவைப்படாது. பணி நியமன விதிகளில் ஒரு விலக்கும், சிறிய ஓர் ஆண்டு ஒதுக்கீடும், யாரை நியமிப்பது என்பதை அக்கிராமத்தாரே சொல்லும் உரிமையும் இருந்தால் அடுத்த பள்ளித் தவணையிலேயே தொடங்கலாம்.